பாடசாலை முற்றத்துப் பானை: யாழ்ப்பாணக் கல்விக்கூடங்களில் தைப்பொங்கல்

ஈழத்துத் தமிழ்ப் பிள்ளையொன்று பாடசாலை செல்லத் தொடங்கியதும் எதிர்கொள்ளும் முரண்பாடுகளுள் ஒன்று, தை மாதம் இருமுறை பிறக்கின்றது என்பதாகும். வகுப்பறைக் கரும்பலகையிலும் வரவுப் பதிவேட்டிலும் தை முதலாந் திகதி என்பது ஆங்கில ஆண்டின் முதல்நாள். வீட்டுச் சுவரிலே தொங்கும் பஞ்சாங்கக் கலண்டரிலோ அந்நாள் மார்கழியின் நடுப்பகுதி. பாடசாலையின் தை பிறந்து இரு வாரம் சென்ற பின்னரே வீட்டின் தை பிறக்கின்றது. தமிழகத்தில் 'ஜனவரி' என்றே எழுதப்படும் மாதத்தைத் 'தை' என வழங்குவது இலங்கைத் தமிழரின் பாடசாலை, பத்திரிகை, கந்தோர் வழக்கு. ஈழத்தின் முதற் தமிழ்ச் செய்தித்தாளெனப் போற்றப்படும் 'உதயதாரகை'யின் தோற்றமும் 1841 தை 7 என்றே இதழியல் வரலாற்றில் குறிக்கப்படுகின்றது. பஞ்சாங்கத்தின்படி அன்று மார்கழி கழிந்திருக்கவில்லை.

இதனை வெறும் பெயர்மயக்கம் எனத் தள்ளிவிடுதல் பொருந்தாது. இரு வேறு காலக்கணக்குகள் ஒரே பெயரின் கீழ் வாழப் பழகிய சமூகத்தின் வரலாறு இப்பெயரிலே பதிந்துள்ளது. ஒன்று ஐரோப்பியக் கல்விமுறை கொணர்ந்த கணக்கு. மற்றையது வயலும் கோயிலும் பேணிய கணக்கு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட இரு வாரத்தினுள்ளேதான் பாடசாலைப் பொங்கல் என்னும் புதியதொரு வழக்கு உருக்கொண்டது. 'புதியது' என்னும் சொல் இங்கு தெரிந்தே எடுத்தாளப்படுகின்றது. பாடசாலையில் நிகழும் பொங்கல் வீட்டுப் பொங்கலின் நீட்சியெனவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் அதன் வரலாற்றை ஊன்றி நோக்குவோர்க்கு, வீட்டுப் பொங்கலால் செய்ய இயலாத ஒன்றைச் செய்யப் புகுந்தமையே அதன் தனித்தன்மை என்பது புலனாகும்.

முதலில் நாட்காட்டியை நோக்குதல் வேண்டும். நமது பாடசாலை ஆண்டு ஜனவரியில் தொடங்கி மூன்று தவணைகளாக நடைபெறுவது நெடுங்கால வழக்கம். நத்தார்ப் பண்டிகை மூன்றாந் தவணையை அடுத்த நீண்ட விடுமுறையினுள் அடங்கிவிடும். சித்திரைப் புத்தாண்டும் அவ்வாறே முதலாந் தவணை விடுமுறையினுள் வந்துவிடும். தைப்பொங்கலுக்கு இத்தகைய தவணை விடுமுறையின் நிழல் வாய்க்கவில்லை. பாடசாலை திறந்து, புதிய வகுப்பாசிரியரின் பெயர் பிள்ளைகளின் வாயிற் படியத் தொடங்கும் வேளையில் அது வருகின்றது. ஒருநாள் விடுமுறையோடு கழிகின்றது. குறைபாடெனத் தோன்றும் இதுவே பொங்கலைப் பாடசாலைக்குரியதாக்கிற்று. விடுமுறையில் வரும் பண்டிகையைப் பாடசாலை கொண்டாட வழியில்லை. தவணையின் நடுவே வரும் பண்டிகையைக் கொண்டாடாது விடவும் வழியில்லை. நவராத்திரிக் காலத்து வாணி விழா பாடசாலையில் வேரூன்றியமைக்கும், கலைமகள் வழிபாடு என்னும் வெளிப்படையான காரணத்தோடு இக்காரணமும் துணைநின்றது. (தீபாவளியும் தவணையின் நடுவேதான் வருகின்றது, ஆயின் புத்தாடையும் இறைச்சிக் கறியுமாக அது வீட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. பாடசாலை அதனைக் கேட்டு வாங்கவுமில்லை.)

மிஷன் பாடசாலைகள் தோன்றுதற்கு முன்னர் திண்ணைப் பள்ளிக்கூடங்களுக்கும் ஒரு நாட்காட்டி இருந்தது. அது சந்திரனின் வளர்பிறை தேய்பிறைகளை ஒட்டியது. அமாவாசை, பூரணை ஆகிய உவா நாட்களிலும் அட்டமியிலும் பாடம் நிறுத்துதல் மரபு. 1816இல் யாழ்ப்பாணத்திற் காலூன்றிய அமெரிக்க மிஷனும், அதனையொட்டிய ஆண்டுகளில் வந்துசேர்ந்த வெஸ்லியன், சேர்ச் மிஷன் சங்கத்தாரும் தொடங்கிய பாடசாலைகள் ஞாயிற்றுக்கிழமையை நடுவாகக் கொண்ட ஏழுநாட் கிழமையைக் கொணர்ந்தன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையும் எழுந்தபோது, மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் நாளும், தவணையாகப் பகுக்கப்பட்ட ஆண்டும் யாழ்ப்பாணப் பிள்ளைகளின் வாழ்விற் புகுந்தன. கல்வியின் உள்ளடக்கத்தில் ஏற்பட்ட மாற்றங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. காலத்தின் வடிவில் ஏற்பட்ட இம்மாற்றம் அந்த அளவு கவனிக்கப்பட்டதில்லை.

மணிக்கு அடங்கிய அப்பிள்ளைகள் உணவு விடயத்தில் எளிதில் அடங்கினாரல்லர். தெல்லிப்பளையில் அமெரிக்க மிஷனரிமார் விடுதிப் பாடசாலையைத் தொடங்கியபோது, பிள்ளைகளின் பெற்றோர் கிறித்தவர் வளவினுள் சமைத்த உணவைத் தம் மக்கள் உண்ண இணங்கவில்லை. எனவே மிஷனுக்கு உரித்தற்ற அயற்காணியில் சமையற்கொட்டில் அமைத்து, சைவச் சமையற்காரரை நியமித்து உணவளிக்க நேர்ந்தது. பாடம் வளவுக்குள்ளே, சோறு வேலிக்கு வெளியே. மிஷனரிமாரின் நூலையும் கணிதத்தையும் வானசாத்திரத்தையும் ஏற்ற சமூகம் அவர்தம் அடுப்பை ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்து நவீன கல்வியின் தொடக்கத்திலேயே 'யார் சமைப்பது, யார் எங்கிருந்து உண்பது' என்னும் வினா நின்றமை இங்கு மனங்கொள்ளத்தக்கது. சமயத்தின் பெயரால் எழுந்த அவ்வினாவின் உள்ளே சாதியே உறைந்திருந்தது. 1847இல் பேர்சிவல் பாதிரியாரின் வெஸ்லியன் பாடசாலையில் நளவர் குலத்துச் சிறுவன் ஒருவன் சேர்க்கப்பட்டபோது உயர்சாதி மாணவர் பலர் வெளியேறினர் என்பது வரலாறு. மறு ஆண்டிலேயே, அதே பாடசாலையிற் கற்பித்துப் பின் விலகிய ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். நாவலரின் சைவப் பணியை இந்நிகழ்ச்சியொன்றுக்குள் அடக்கிவிடுவது நியாயமன்று. எனினும் இவ்விரண்டும் ஒரே ஊரில், ஓராண்டு இடைவெளியில் நிகழ்ந்தவை என்பதை மறைத்தலும் நேர்மையன்று.

இந்தப் பின்னணியிலேதான் வீட்டுப் பொங்கலின் சமூக அமைப்பை விளங்கிக்கொள்ளல் வேண்டும். யாழ்ப்பாணத்து வீடுகளில் பொங்கல் முற்றத்தில் நிகழ்வது. சாணத்தால் மெழுகிய நிலத்தில் உலக்கையை வைத்து எல்லை வகுத்து, அரிசி மாவாற் கோலமிட்டு, கிழக்கு நோக்கி அடுப்பு மூட்டி, கழுத்தில் இஞ்சி மஞ்சள் இலை கட்டிய புதுப்பானையை ஏற்றுவர். பால் பொங்கி எத்திசையில் வழிகின்றது என்பதைப் பார்ப்பர். பிள்ளைகள் சீனவெடி கொளுத்துவர். குடும்பத் தலைவர் முதற்பிடி அரிசியை இடுவார். வறுத்த பயறும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த புக்கை, கதிரவனுக்குப் படைக்கப்பட்ட பின் உறவினர்க்கும் அயலவர்க்கும் பகிரப்படும். மறுநாள் பட்டிப் பொங்கல். தைப்பூசத்தில் வயலின் முதற்கதிரைப் புதிராக எடுத்து வருவர். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலுக்கு மட்டுவிலிலிருந்து புதுநெல் கொண்டுவரும் வழக்கமும் இதனோடு சேர்ந்தது. பெருமழை ஓய்ந்து காலபோக நெல் முற்றும் பருவத்தில், வாடைக்காற்றிற் பட்டங்கள் ஏறும் நாட்களில், இவை யாவும் நிகழ்வது அழகியதொரு காட்சியே.

ஆயின் உலக்கையால் வகுத்த எல்லை அடுப்பை மாத்திரம் சூழ்ந்ததன்று. நிலமுடையோரின் வயலில் உழுதவரும் அறுத்தவரும், குடிமைத் தொழில் செய்தவரும் அந்நாளில் அவ்வீடுகளுக்கு வந்தனர். தமக்குரிய பங்கை வாசலில் நின்று பெற்றுச் சென்றனர். உழவர் திருநாளெனப் பிற்காலத்தவர் பெயரிட்ட நாளில், உழுதவர் முற்றத்தின் விளிம்பிலே நின்றார். வீட்டுப் பொங்கல் குடும்பத்தையும் உறவையும் ஒன்றுசேர்ப்பது. அவ்வாறு சேர்க்குந்தோறும் சேராதவர் யாவர் என்பதையும் ஆண்டுதோறும் உறுதிப்படுத்துவது. இதனை எந்த ஒரு குடும்பத்தின் கொடுமையாகவும் கொள்வதற்கில்லை. நிலவுடைமை உறவுகளில் ஊன்றிய எந்தப் பண்டிகைக்கும் இவ்வியல்பு உண்டு.

மிஷன் பாடசாலைகளுக்கு எதிரீடாக எழுந்த சைவப் பாடசாலைகள் இவ்வமைப்பை உடனடியாக மாற்றினவென்று கூறுதல் மிகையாகும். 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை 1890இல் இந்துக் கல்லூரியை நிலைநிறுத்தியது. 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் ஊர்தோறும் பாடசாலைகளைப் பரப்பியது. இப்பாடசாலைகளின் தோற்றத்தில் அரிசிக்கு ஒரு பங்குண்டு. உலையிலிடும் அரிசியில் நாளுக்கொரு பிடியை எடுத்து வேறாகச் சேர்த்து, மாத முடிவில் அதனைத் தண்டிப் பாடசாலையை நடத்திய பிடியரிசி முறை ஊர்ப் பாடசாலைகள் பலவற்றைக் காத்தது. இங்கு ஒரு நுட்பம் உண்டு. சாதி ஆசாரத்தில் பச்சையரிசி தீட்டுப்படுவதில்லை. அது எவர் கையிலிருந்தும் வரலாம். நெருப்பேறிச் சோறானதும் ஆசாரம் விழித்துக்கொள்கின்றது. பிடியரிசி பாடசாலையை எழுப்பிய காலத்தில், பல வீட்டு அரிசி ஒரே சாக்கிற் கலந்ததையிட்டு எவரும் முகஞ்சுளித்ததில்லை. அந்த அரிசியையே பாடசாலை முற்றத்தில் ஒரே பானையிலிட்டுப் பொங்கி, பிள்ளைகளை ஒரே வரிசையில் இருத்திப் பகிர்வது முற்றிலும் வேறொரு செயல்.

அச்செயலுக்கு வழிவகுத்த போராட்டம் பொங்கலைப் பற்றியதன்று, வாங்கைப் பற்றியது. தாழ்த்தப்பட்டோரின் பிள்ளைகள் வகுப்பறைக்குள் தரையிலும், சில இடங்களில் வகுப்பறைக்கு வெளியிலும் இருந்து கற்ற நிலையை மாற்றக் கல்வித் திணைக்களம் 1929, 1930ஆம் ஆண்டுகளையொட்டி, அரசின் உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் அளிக்குமாறு விதித்தது. இதனை எதிர்த்து மனுக்கள் எழுந்தன. சம ஆசனம் அளித்த பாடசாலைகள் சில தீயிடப்பட்டன. கல்வியே தம் செல்வமெனப் பெருமை பேசும் சமூகத்தில், கல்விக்கூடத்தைக் கொளுத்தும் அளவுக்கு வாங்கில் அமர்தல் பெருங்குற்றமாயிற்று. இன்று பாடசாலைப் பொங்கலில் வரிசையாக அமரும் பிள்ளைகளைப் பார்ப்போர்க்கு அவ்வரிசை இயல்பாக வந்ததெனத் தோன்றலாம். அது இயல்பாக வந்ததன்று.

இதே காலத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசு வேறொரு திசையிலிருந்து இப்பிரச்சினையை அணுகியது. 1924இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய இவ்வியக்கத்தின் தலைமையில் ஹன்டி பேரின்பநாயகம் முதலிய இளம் ஆசிரியர் நின்றனர். 1927இல் மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தது இவ்வியக்கத்தாரின் அழைப்பினாலேயே. தீண்டாமையைத் தம்மளவிற் கைவிடுவதும், மாநாடுகளில் சாதி வேறுபாடின்றிச் சமபோசனம் செய்வதும் இவர்தம் நடைமுறைகள். சொற்பொழிவாற் சாதி ஒழியாது, ஒருங்கிருந்து உண்பதே அளவுகோல் என்பதை இவர்கள் உணர்ந்திருந்தனர். 1931இல் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்த அவர்தம் அரசியல் முடிவைப் பற்றி மாறுபட்ட தீர்ப்புக்கள் உள. ஆயின் அவர்களிற் பலர் பிற்காலத்தில் ஆசிரியர்களாகவும் அதிபர்களாகவும் பாடசாலைகளுக்குச் சென்றமையால், அரசியலில் தோற்ற கொள்கை பாடசாலை முற்றத்தில் வாழ இடம்பெற்றது. கிறித்தவரான பேரின்பநாயகம் 1949 முதல் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். வேலிக்கு வெளியே சமையற்கொட்டில் கேட்ட சமூகம் ஒரு நூற்றாண்டு கடந்து ஓர் இந்துக் கல்லூரியைக் கிறித்தவர் ஒருவரிடம் ஒப்படைத்தது. இதிலுள்ள தூரம் சிறிதன்று.

பொங்கல் அனைவர்க்கும் உரியதாக வேண்டுமாயின் அது சமய விழா என்னும் நிலையினின்று சற்று விலகுதல் அவசியமாயிற்று. இவ்விலகலுக்குத் தமிழகத்திலும் ஈழத்திலும் வளர்ந்த மொழியுணர்ச்சி துணைபுரிந்தது. புராணக் கதை எதனையும் வேண்டிநில்லாத பண்டிகை என்பதனால், தமிழர் திருநாள், உழவர் திருநாள் என்னும் பெயர்கள் அதற்கு எளிதிற் பொருந்தின. ஞாயிற்றுக்கும் நிலத்துக்கும் நன்றி கூறுதல் என்னும் கருத்தைச் சைவரும் கிறித்தவரும் தத்தம் வழியிற் கொள்ள முடிந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் சபாபதி குலேந்திரனை முதற் பேராயராகக் கொண்டு அமைந்தது. தமிழ்ப் பண்பாட்டை உலகரங்கிற்குக் கொண்டுசென்ற தனிநாயகம் அடிகள் கத்தோலிக்கத் துறவி. 1962 முதல் 1965 வரை நிகழ்ந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் பின் கத்தோலிக்க ஆலயங்களும் சுதேசப் பண்பாட்டிற்குக் கதவைத் திறந்தன. தேவாலய முற்றத்திற் பானை ஏறுவது பின்னர் வியப்புக்குரிய காட்சியாக இருக்கவில்லை. அமெரிக்க மிஷனரிமார் தமக்கு மறுக்கப்பட்ட அடுப்பை, அவர்தம் வழிவந்த தமிழ்க் கிறித்தவர் கேளாமலே பெற்றுக்கொண்டனர்.

அதற்கிடையில் பாடசாலைகளின் உரிமையும் கைமாறியது. 1945இல் இலவசக் கல்வியும், ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழிவழிக் கல்வியும் நடைமுறைக்கு வந்தன. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகள் அரசுடைமையாயின. யாழ்ப்பாணக் கல்லூரி, சென் ஜோன்ஸ், சென் பற்றிக்ஸ் போன்ற சில தனியார் கல்லூரிகளாக நிலைத்தன. மத்திய கல்லூரியும் இந்துக் கல்லூரியும் ஒரே திணைக்களத்தின் கீழ் வந்தன. மிஷன் முற்றம், சபை முற்றம் என்ற பாகுபாடு சட்டத்தளவில் நீங்கிற்று. 1957ஆம் ஆண்டுச் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் பாடசாலை உள்ளிட்ட பொது இடங்களிற் சாதித் தடையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. ஆனால் 1968இல் மாவிட்டபுரத்தில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நடத்தவேண்டியிருந்த நிலைமையைக் கொண்டு, சட்டம் எட்டிய தூரத்தை மதிப்பிடலாம். கோயிலின் உள்வீதி மறுக்கப்பட்ட ஒரு பிள்ளைக்கு, அவ்வாண்டிலே பாடசாலை முற்றத்துப் பொங்கலில் இடமிருந்தது. பாடசாலைப் பொங்கலின் பொருள் இவ்வொப்பீட்டிலேயே முழுமையாக வெளிப்படுகின்றது.

இதனாற் பாடசாலைப் பொங்கலைக் குறையற்ற சமத்துவ விழாவாகச் சித்திரித்தல் வேண்டியதில்லை. பிள்ளைகள் ஒரு சுண்டு அரிசியும் ஒரு பிடி பயறும் கொண்டுவருவர். அவற்றின் அளவிலேயே வீட்டின் நிலை தெரிந்துவிடும். வகுப்புக்கொரு பானை வைத்து எந்த வகுப்பின் கோலம் சிறந்தது, எந்தப் பானை முதலிற் பொங்கியது எனப் போட்டியும் பரிசும் வைக்கும்போது, பரீட்சைப் புள்ளியின் சாயல் பொங்கலிலும் படிகின்றது. அதிபர் முதற்பிடி அரிசி இடுவதும், பிரதம விருந்தினர் உரையாற்றுவதும், மாணவர் வெயிலில் நின்று கேட்பதும் குடும்பத் தலைவரின் இடத்தில் அதிகாரியை வைத்த ஏற்பாடேயாகும். பானையை இறக்கிப் பகிர்பவர் யார் என்பதில் பழைய கணக்கு மெல்லிய குரலில் நீடித்த இடங்களும் இருந்தன. இவ்வளவுக்கும் மேலாக, வீட்டிற் பொங்க வசதியில்லாத பிள்ளை விருந்தாளியாக அன்றி உரிமையாளனாகக் கை நீட்டக்கூடிய ஒரே பானை அதுவாக இருந்தது.

1966ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்து 1971 வரை இலங்கை முழுவதும் நிலவிய போயா வார விடுமுறை இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. சனி, ஞாயிறு விடுமுறைகள் நீக்கப்பட்டு, சந்திரனின் நான்கு நிலைகளையொட்டிய போயா நாட்களும் அவற்றுக்கு முந்திய நாட்களும் ஓய்வுநாட்களாயின. டட்லி சேனநாயக்கா தலைமையிலான, தமிழரசுக் கட்சியும் பங்கேற்ற அரசாங்கத்தின் காலத்தில் பௌத்த மறுமலர்ச்சியின் வெற்றியாகவே இது கொணரப்பட்டது. கிறித்தவர் ஞாயிறு வழிபாட்டுக்கு இடர்ப்பட்டனர். ஆயின் பூரணையும் அமாவாசையும் இரு அட்டமிகளும் ஓய்வாக அமைந்த அந்நாட்காட்டி, மிஷனரிமார் ஒழித்த திண்ணைப் பள்ளியின் பழைய உவா முறையை ஏறத்தாழ அவ்வாறே ஒத்திருந்தது. தமிழர் இழந்ததைச் சிங்கள பௌத்த அரசியல் அறியாமலே திருப்பிக் கொடுத்தது. தமிழரும் அறியாமலே பெற்றுப் பின் இழந்தனர். 1971ஆம் ஆண்டு விடுமுறைகள் சட்டம் ஞாயிற்றுக்கிழமையை மீட்டுப் பூரணைப் போயாவை நிலைநிறுத்தியது. தைப்பொங்கல் அச்சட்டத்தின் விடுமுறைப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது, தைப்பூசம் இடம்பெறவில்லை. எனினும் தைப்பூசம் பூரணையை ஒட்டி வருவதால், துருத்துப் போயா அல்லது நவம் போயா விடுமுறையின் தயவில் தமிழ்ப் பிள்ளைக்கு அந்நாளும் பெரும்பாலும் ஓய்வாகின்றது. களனியிற் பெரஹெரா நிகழும் நிலவிலேயே யாழ்ப்பாணத்திற் புதிர் எடுப்பதும் உண்டு. இரு சமூகங்களும் ஒரே சந்திரனைக் காரணமாகக் கொண்டு, ஒன்றையொன்று அறியாது விடுமுறை கொண்டாடுகின்றன.

மலையகத் தோட்டப் பாடசாலைகளின் கதை வேறானது. அதனை யாழ்ப்பாணத்தின் அளவுகோலால் அளத்தல் தவறு. அங்கு வயல் இல்லை, அறுவடை இல்லை, லயன் அறைக்கு முன்னாற் சொந்த முற்றமும் இல்லை. அரிசி தோட்டத்துறையாற் கூலியிற் கழிக்கப்பட்டு வழங்கப்பட்ட பொருள். நெல் விளையாத மண்ணில் நெல்லின் பண்டிகையைத் தொழிலாளர் காத்தனர் என்பதே பெருஞ்செய்தி. 1970களில் தோட்டங்களை அடுத்துத் தோட்டப் பாடசாலைகளும் அரசின் கீழ் வரத் தொடங்கிய பின்னரே, அங்கு பாடசாலை முற்றம் என்று சொல்லத்தக்க ஒன்று மெல்ல உருவாயிற்று.

1974ஆம் ஆண்டின் தையை யாழ்ப்பாணம் மறக்கவில்லை. ஜனவரி 3 முதல் 10 வரை நிகழ்ந்த நான்காவது அனைத்துலகத் தமிழாராய்ச்சி மாநாட்டின் இறுதிநாட் கூட்டத்திற் பொலிசார் குறுக்கிட்டபோது ஒன்பது பேர் உயிரிழந்தனர். தோரணங்கள் கழற்றப்படாத நகரில் நான்கு நாட்களின் பின் பொங்கல் வந்தது. பல்கலைக்கழக அனுமதியிற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலாற் கொதித்திருந்த மாணவ சமுதாயத்திற்குத் தை மாதம் அதன்பின் ஒரு நினைவுநாளையும் உடையதாயிற்று. தமிழர் திருநாள் என்னும் தொடரில் 'தமிழர்' என்ற சொல்லின் கனம் அவ்வாண்டோடு கூடியது. 'உழவர்' என்ற சொல்லின் கனம் அதே அளவுக்குக் குறைந்தது. உழுதவர்க்கும் உடையவர்க்கும் இடையிலான பழைய வினா, தமிழர்க்கும் அரசுக்கும் இடையிலான வினாவின் பின்னே மறைந்தது. மறைந்ததேயன்றித் தீரவில்லை.

போர்க்காலம் பாடசாலை முற்றத்தை வேறொரு விதத்திற் பயன்படுத்திற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் பெருந்தொகையாகத் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்தனர். பாடசாலைக் கட்டிடங்கள் அகதிகளின் உறைவிடங்களாயின. மேசைகளும் வாங்குகளும் குடும்பங்களைப் பிரிக்கும் எல்லைகளாயின. 1996 தையில் அம்முற்றங்களில் ஏறிய பானைகள் விழாப் பானைகள் அல்ல. அன்றாடப் பசிக்கான பானைகள். சமபோசனத்துக்காக எழுதியும் பேசியும் வந்தோர் அரை நூற்றாண்டில் முழுமையாகச் சாதிக்காததைச் செல்வீச்சு சில கிழமைகளுக்குச் சாதித்துவிட்டது என்று சொல்வது எளிது. ஆனால் அது போருக்கு அளிக்கக்கூடாத பெருமை. வேறு வழியின்றி ஒரே பானையில் உண்டவர்கள் ஊர் திரும்பியதும் பலர் தத்தம் கிணற்றுக்கும் தத்தம் வேலிக்கும் திரும்பினர். விரும்பி அமர்ந்த வரிசைக்கும் துரத்தப்பட்டு அமர்ந்த வரிசைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. பாடசாலைப் பொங்கலை மதிக்கவேண்டிய காரணமும் இங்கேயே உள்ளது. அது பசியால் விளைந்த கூட்டமன்று. ஆண்டுக்கொருமுறை, பாடநேரத்தை ஒதுக்கிவைத்து, தெரிந்து செய்யப்படும் ஏற்பாடு.

நாட்காட்டியின் கதையும் முடிந்துவிடவில்லை. கதிரவன் மகரத்திற் புகும் நாள் ஆங்கில நாட்காட்டியில் ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒருநாள் வீதம் பின்தள்ளிச் செல்கின்றது. நாவலர் காலத்தில் ஜனவரி 12ஐ ஒட்டி வந்த பொங்கல் இன்று 14இலோ 15இலோ வருகின்றது. இம்மெல்லிய நகர்வைப் பாடசாலை உணர்வதில்லை. 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றும் அதனைத் தொடர்ந்த பொருளாதார நெருக்கடியும் பாடசாலை ஆண்டையே இடம்பெயர்த்தமை நன்கு உணரப்பட்டது. 2024இல் முதலாந் தவணை பெப்ரவரியிலேயே தொடங்கிற்று. 2025இல் ஜனவரியின் இறுதி வாரத்தில். தவணையின் தொடக்கத்தில் வந்தமையாற் பாடசாலைக்கு உரியதான பண்டிகை, அவ்வாண்டுகளிற் பழைய ஆண்டின் எச்சத்திலும் விடுமுறையிலும் சென்று விழுந்தது. 2024 தையிற் கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையும் நடந்துகொண்டிருந்தது. பரீட்சை மண்டபமாகிய பாடசாலையின் முற்றத்திற் சீனவெடி கொளுத்தவும் பானைக்குக் குரவையிடவும் இயலாது. அவ்வாண்டுப் பொங்கல் பெரும்பாலும் தான் புறப்பட்ட இடமாகிய வீட்டு முற்றத்துக்கே, உலக்கையால் வகுத்த அந்த எல்லைக்குள்ளேயே, திரும்பிச் சென்றது.